ஆடும் மரத்துக்கும் சேர்த்து

கிடங்கின் கண்காணிப்பு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. கேமராக்களைப் பொருத்தியவள் திரையில் தேதிகளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறாள். மேலாளர் கைகட்டி நிற்கிறார். கதவோரம் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். வாசல் தூணை இடித்தவர் அவர்தான் என்று வேலைநீக்கக் கடிதம் மேசைமேல் தயாராக இருக்கிறது. தூண் இடிபட்டு இருபத்தெட்டு நாளாகிறது. டிஸ்க் நிறைந்து பழைய படம் அழிந்திருக்கும் என்று யாரும் தேடவே இல்லை. இன்று லென்ஸ் துடைக்க வந்த இவள்தான், "பாத்துடலாமே சார்" என்றாள். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும் கேமரா அது. வாசலிலோ காற்றடித்தால் நிற்காமல் ஆடும் பெரிய மரம். கேமரா பொருத்த வந்த முதல் நாளே அதன் எதிரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, முப்பது நாள் படம் அழியாமல் இருக்க வேண்டும் என்று, பதிவு சேரும் டிஸ்க்கை இரண்டு மடங்கு அளவில் கேட்டு வாங்கினாள். "மரம் ஆடுறதுக்கெல்லாம் டிஸ்க்கா? நல்லா கேட்டம்மா!" என்று அன்று சிரித்த மேலாளர்தான் இப்போது திரையருகே குனிகிறார். அந்தத் தேதி வருகிறது. மதிய வெயில், தரையெங்கும் நெளியும் இலை நிழல். வெளியாள் லாரி ஒன்று பின்னால் நகர்ந்து, தூணில் மோதி, நிற்காமல் போய்விடுகிறது. "முப்பது நாள்னா முப்பது நாள்தான் சார்." என்கிறாள் அவள். மேலாளர் கடிதத்தை எடுத்து நிதானமாக நான்காகக் கிழிக்கிறார். ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைமேல் விரலை வைக்கிறார். "இன்னொரு வாட்டி போடும்மா. லாரிய விடு. அந்த மூலையில, குழாயடியில மூஞ்சி கழுவுறான் பாரு, அது நான்! நான்தாம்மா அது!"