கதவுக்கு அப்பால் ஓர் உறுமல்

எந்த மாதம் என்று சரியாக நினைவில்லை. மருமகள் தன் பூனையோடு படுக்கையறையில் அடைந்து கிடந்தது மட்டும் நிச்சயம். எதிர் அறையில் மாமியாரும் அவருடைய பூனையும்.

"சண்டை ஓயற வரைக்கும் ரெண்டு பூனையும் பார்த்துக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றான் கணவன்.

அவள் தாழ்ப்பாளைத் தொட்டாலே ஹாலில் உறுமல் கேட்கும்.

"திறக்காதே! அம்மாவோட பூனை வெறியில நிக்குது!"

அன்று மூச்சுமுட்டித் திறந்தேவிட்டாள். சத்தம் கேட்டு எதிர்க் கதவும் திறந்தது. பூனைகள் இரண்டும் ஓடிப்போய் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்தன. ஹாலில் கணவன் கையிலிருந்த செல்போன் மட்டும் பூனைக் குரலில் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏங்க, என்ன கூத்து இது?"

"அதுங்க எப்பவோ ராசியாயிடுச்சு. நீயும் அம்மாவும்தான்..." என்று இழுத்தான்.

மாமியாரும் மருமகளும் இன்றும் சண்டை போடுகிறார்கள். அவன் இரண்டு பூனைகளோடு தனியாகக் குடியிருக்கிறான்.