மைக்குக்குப் பக்கத்தில் ஒரு மிட்டாய்

ஏசி அணைந்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆகஸ்ட் வெயில் காருக்குள் வேகிறது. சோதனை ஓட்டுநர் குவாக்கின் காதோரம், இருக்கையின் தலைச்சாய்ப்பில் ஒரு சின்ன மைக். பின்னால் மடிக்கணினியுடன் ஹேரின். சாலைச் சத்தம் உள்ளே வராதிருக்க காரின் அடித்தகட்டை எங்கெங்கே விறைப்பாக்கலாம் என்று அவள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துப் போட்ட கணக்கு, இன்று நிஜச் சாலையில் தேற வேண்டும். தேறிவிட்டால், சாலையில் ஓட்டிப் பார்க்கும் குவாக்கின் குழுவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. “ரோட்டையே பாக்காம சத்தத்தைக் கண்டுபிடிச்ச கம்ப்யூட்டரம்மா, கிளம்பலாமா?” என்கிறார் அவர். “பதிவு ஓடும்போது இருமாதீங்க சார். ரெண்டு தடவை கெடுத்துட்டீங்க.” “என் இருமலுக்கும் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருப்பியே!” தாளைச் சரசரவென்று பிரித்து இருமலுக்கான ஜின்செங் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்கிறார்.

பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிகிறது. கரடுமுரடான தார் தொடங்குகிறது. ஸ்டியரிங் அவர் கையில் நடுங்குகிறது. காதுக்கோ எங்கோ தொலைவில் ஒரு முனகல் மட்டும். பழைய வண்டியில் இந்த இடத்தில் கத்தினாலும் கேட்காது. இப்போது மிட்டாய் அவர் பல்லில் தட்டுவது பின்னிருக்கை வரை கேட்கிறது. அவருக்கும் கேட்கிறது. தட்டல் நிற்கிறது. பிடரி சிவக்கிறது. பின்நோக்குக் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தபடியே மெதுவாகக் கடிக்கிறார். அத்தனை சின்ன மிட்டாய் கார் முழுக்க உடைகிறது.

“நல்லாக் கேட்டுச்சு சார்,” என்கிறாள் ஹேரின். “வண்டியைத் திருப்புங்க, மறுபடி பதிவு.”