ஓட்டத் தெரியாதவர்

"இருக்கிறதுலயே தடியான கம்பியாப் போடுங்க தம்பி. முன்னாடியும் வேணும், பின்னாடியும் வேணும்."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். அறுபதைத் தாண்டிய வயது. கசங்காத சட்டை. கொண்டுவந்திருந்ததோ கப்பல் மாதிரி நீளமான கார். நெருக்கி நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துச் செருகியிருந்தார்.

'தேர்ந்த கை. அதுதான் ஆபத்து' என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

பெரியவர் கேட்டது ஸ்டெபிலைசர் பார். வண்டிக்கு அடியில், இந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி. அது தடித்தால் வளைவில் வண்டி சாயாது. வண்டி சாயவில்லை என்றால் சிலருக்குக் கால் அரிக்கும், வளைவிலும் மிதிப்பார்கள்.

கால் அரிக்கிற ஆட்களைக் கண்டாலே மெக்கானிக்குக்கு ஆகாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வேகத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்வார். பட்டறையில் அவருக்குப் பெயரே 'பிரேக் சாமியார்'.

"எதுக்கு சார், இந்த வயசுல?"

"ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில போகணும். ஒவ்வொரு வளைவுலயும் தொட்டில் மாதிரி ஆடுது. ஆடக் கூடாது."

"மெதுவாப் போனா ஆடாது சார்."

"அதையும் பார்த்தாச்சு தம்பி."

"தடிக் கம்பி போட்டா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குறப்ப கொஞ்சம் தூக்கிப் போடும்."

"முன்சீட்லயா, பின்சீட்லயா?"

"ரெண்டுலயும்தான்."

பெரியவர் தாடையைத் தடவினார். "அப்ப ரொம்பத் தடி வேண்டாம். அதுக்கு அடுத்தது போடுங்க."

அவர் போனதும் பட்டறை வெல்டர் தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். "கிழக்காளைக்குக் கொம்பு சீவி விடுறோம்ணே!"

"சிரிக்காதடா. மலையில உருண்டார்னா பாவம் நம்ம தலையிலதான்."

அதனால் மறுநாள் அவர் வந்ததும் மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டார். "கம்பி போட்டாச்சு. ஆனா முதல்ல நான்தான் ஓட்டிப் பார்ப்பேன். மனசுக்குச் சரியாப் படலைன்னா கழட்டிடுவேன்."

"நானே அதைத்தான் கேக்கலாம்னு வந்தேன்" என்றார் பெரியவர். பின்கதவைத் திறந்து, இடது மூலையில் வசதியாகச் சாய்ந்து, செய்தித்தாளை விரித்தார். "ம், போங்க தம்பி. ஏரிக்கரை ரோட்டுல வளைவு நிறைய இருக்கு."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. 'துரை பேப்பர் படிப்பாராம், நான் தேரோட்டணுமாம்!'

முதல் வளைவு. வண்டி சாயவே இல்லை. இரண்டாவது வளைவில் தண்டவாளத்தில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. 'அடேங்கப்பா! நம்ம வேலையா இது?' மூன்றாவது, நான்காவது...

"தம்பி, வேகம் எவ்வளவு?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். முள் எண்பதில் நின்றது.

"நாப்பதுக்கு மேல வேண்டாம் தம்பி. எழுத்தெல்லாம் ஓடுது."

பிரேக் சாமியாருக்குக் காது மடல் வரை சூடேறியது. முள்ளை நாற்பதுக்கு இறக்கினார்.

பெரியவர் அதே வளைவுகளில் மறுபடியும் போகச் சொன்னார். திரும்பி வந்து இன்னொரு முறை. கண்ணாடியில் பார்த்தால், ஒரு வரி விடாமல் படிக்கிறார். நடுவில் கண்ணை மூடி, வயிற்றில் கைவைத்து, எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

"ஒண்ணுமே பண்ணல!" என்று கடைசியில் தொடையில் தட்டிக்கொண்டார். "பிரமாதம் தம்பி!"

'கொஞ்சம் கழண்ட கேஸ்' என்று முடிவுகட்டினார் மெக்கானிக். 'ஆனா ரேஸ் ஆள் இல்ல.'

திங்கட்கிழமை போல்ட்டுகளை முடுக்கிச் சரிபார்க்க வண்டி திரும்ப வந்தது. பின்சீட்டின் இடது மூலையில் ஓர் அம்மா. வண்டி நிற்கும் முன்பே கண்ணாடி இறங்கிவிட்டது.

"நீங்கதானா தம்பி அது? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! எங்க அக்கா மலை மேல இருக்கா. இவர் ஓட்டுற லட்சணத்துக்குப் பாதி வழியிலயே எனக்குத் தலை சுத்தி, குடலைப் புரட்டி, திரும்பி வந்துடுவோம். நேத்துதான் ஒழுங்காப் போய்ச் சேர்ந்தேன். பேசிப் பேசித் தொண்டையே கட்டிடுச்சு! உங்ககிட்டதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டாராமே?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். பெரியவர் அவசரமாக இறங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, அதன் மறைவில் அவரை இழுத்துக்கொண்டார்.

"போன தடவை நடுவழியில உட்கார்ந்து அழுதுட்டா தம்பி. 'எனக்கு வயசாயிடுச்சு, எதுக்கும் லாயக்கில்ல, இனி எங்கேயும் கூப்பிடாதீங்க'ன்னா. 'வயசாவது ஒண்ணாவது, எனக்கு ஓட்டத் தெரியலடி'ன்னு சொல்லிட்டேன். உடனே நம்பிட்டா." பெரியவர் பெருமூச்சு விட்டார். "அவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம்!"

"கம்பி விஷயம்?"

"சொன்னா, 'எல்லாம் என்னாலதானே'ன்னு மறுபடி ஆரம்பிச்சிடுவா."

"அங்க என்ன குசுகுசுன்னு?" பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னும் குறை இருந்தா முகத்துக்கு நேரா சொல்லுங்க தம்பி. பெரியவராச்சேன்னு பார்க்காதீங்க!"

பெரியவர் தலையைக் குனிந்து நல்ல மாணவனாக நின்றார். மெக்கானிக் பானெட்டைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தை வாத்தியார் மாதிரி இறுக்கிக்கொண்டார்.

"இப்ப தேறிட்டார்மா. முதல் நாள் பார்த்திருக்கணுமே! ஏரிக்கரை வளைவுல எண்பதுல போறார்... நான்தான் பின்சீட்ல இருந்து 'நாப்பதுக்கு மேல வேண்டாம் சார்'னு கெஞ்சினேன்!"