எந்த வளைவில்?

முதல் குத்து தாடையில் விழுந்தது. தங்கை புருஷன் என்றும் பார்க்காமல் வயர்மேன் இரண்டாவதையும் விட்டான்.

மாப்பிள்ளை பைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்துக்குள் மல்லாந்து விழுந்தான். வாயெல்லாம் ரத்தமும் மண்ணும்.

காலையிலிருந்தே புகைந்துகொண்டிருந்த சண்டை அது. மண்ணுக்கடியில் மின்சார வயர் போகும் பிளாஸ்டிக் பைப்புக்குச் சுவர் மூலையில் அடுத்தடுத்து இரண்டு திருப்பங்கள். கம்பெனியில் வார்த்து வரும் வளைவுதான் நசுங்காது என்றான் வயர்மேன். பைப்பையே தீயில் வாட்டி வளைத்தால் நடுவில் ஒட்டே வராது என்றான் மாப்பிள்ளை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. கடைசியில் ஆளுக்கொரு திருப்பம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

கான்கிரீட் லாரி வந்து நின்றபோதுதான் வினை. சோதித்துப் பார்க்க பைப்புக்குள் விட்ட மர உருண்டை மறுபக்கம் வரவில்லை. மூலையில் எங்கோ மாட்டிக்கொண்டது.

யாருடைய வளைவில் நின்றதோ அவன் இன்றோடு வீட்டுக்குப் போகலாம் என்று மேஸ்திரி கத்தினார்.

எங்கே என்று வயர்மேன் யோசிக்கவே இல்லை. சொந்தமாயிற்றே என்று வேலைக்குச் சேர்த்துவிட்டவனின் மானத்தை நாலு பேர் முன்னால் கப்பலேற்றிவிட்டானே!

மாப்பிள்ளை கையை ஊன்றி எழப் பார்த்தான். பைப் வளைக்கிற கை. வயர்மேன் ரெஞ்சை ஓங்கி மணிக்கட்டில் இறக்கினான்.

காய்ந்த விறகு முறிகிற சத்தம். மாப்பிள்ளை போட்ட அலறலில் மேஸ்திரியும் மற்றவர்களும் வண்டி பிடிக்க ஓடினார்கள்.

அப்போதும் வயர்மேனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நசுங்கியதை அறுத்து அவன் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும். ரம்பத்தை எடுத்து, மாப்பிள்ளை வளைத்த பைப்பை அறுத்தான்.

உள்ளே வட்டம் கலையாமல் இருந்தது. ஒரு சின்ன நெளிவுகூட இல்லை.

அடுத்ததை அறுக்கக் கை வரவில்லை. ஆனாலும் அறுத்தான்.

கம்பெனி வளைவும் நல்லதுதான். அது பைப்போடு சேருமிடத்தில் அவனே அள்ளி அப்பிய பசை, உள்பக்கம் வழிந்து கல்லாக இறுகியிருந்தது. உருண்டை அதில்தான் முட்டி நின்றிருந்தது.

தூரத்தில் மேஸ்திரியின் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

முறிந்த கையை மார்போடு அணைத்தபடி, பின்னாலிருந்து மாப்பிள்ளை முனகினான்.

"எங்க நின்னுச்சு மச்சான்?"

வயர்மேன் முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தான். உருண்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, தன் வளைவை மண்ணைத் தள்ளி மூடினான். மாப்பிள்ளையின் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, அந்த நல்ல வளைவைச் சூட்டில் காட்டினான். இளகியதும் காலால் மிதித்துச் சப்பையாக்கினான். அதன் வாயில் உருண்டையைத் திணித்தான்.

"உங்க வளைவுலதான் மாப்ள."