சூட்டு உடம்பு

"இந்த மாசம் மட்டும் ஏழு தடவை இவளை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. பிறவியிலேயே சூட்டு உடம்பு, காய்ச்சல் இல்ல. டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார்." அம்மா கடிதத்தை நீட்டினாள்.

குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர் அதைப் படித்தார். "முப்பத்தெட்டு டிகிரி தாண்டினா அனுப்பணும்னு விதிம்மா. கடிதம் இருக்கறதால இனி சூட்டுக்காக உங்களைக் கூப்பிட மாட்டோம்."

"அப்பாடா, என் வேலை தப்பிச்சுது!" அம்மா அலுவலகத்துக்கு ஓடினாள்.

மாலையில் வந்தபோது, குழந்தை அழுது அழுது தூங்கிப்போயிருந்தாள்.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லம்மா. பகல் பூரா என் கையை இழுத்து நெத்தியில வச்சுக்கிட்டு, 'சூடு பாரு, அம்மாவைக் கூப்பிடு'ன்னே சொல்லிட்டிருந்தா."

அம்மா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். அந்த ஏழு தடவையும் வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள்.