இரைச்சலுக்கு நடுவே

மூன்றாவது முறையும் அவள் குரல் பாதியிலேயே செத்தது.

"போட்டிக் கணக்குல உன்னைக் காலையிலேயே எழுதியாச்சும்மா," என்றார் அவர் ரேடியோ மைக்கில். "ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை பேசினா புள்ளி கெடையாது. சாயங்காலம் கூப்பிடு."

மனைவிதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அக்கா வீட்டில், மகளோடு இருந்தாள். வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் அவளுக்கும் உண்டு. பெண் பார்க்கப் போவதற்கு முன்பே இருவரும் சிற்றலையில் ஒரு வருஷம் பேசித் தீர்த்திருந்தார்கள். இப்போது அவளிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் சின்ன செட். குரல் நூலாகத்தான் வந்தது.

அவர் மருந்துப் பரிசோதகர். குழந்தைகள் குடிக்கும் இருமல் மருந்தில் விஷம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். திங்கட்கிழமை கோர்ட்டில் ஏறி அதையே வாயால் சொல்ல வேண்டும்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க. எனக்கு மனசே சரியில்ல," என்று ஊருக்குக் கிளம்பும்போது அவள் மன்றாடிப் பார்த்தாள்.

"கீழே போலீஸ்காரர் காவலுக்கு உக்காந்திருக்காரு. என்னை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று சிரித்து மழுப்பினார். நிஜக் காரணம் மொட்டை மாடியில் நின்றது. எட்டு மீட்டர் அலுமினியக் குழாய், செங்குத்தாக. அதன் அடியில் நாலா பக்கமும் விரித்த முப்பத்திரண்டு கம்பிகள். இந்த வாரப் போட்டிக்கென்றே மாசக்கணக்கில் பாடுபட்டு நிறுத்திய ஆன்டெனா.

செல்போனை நேற்றே அணைத்து அலமாரியில் போட்டுவிட்டார். மணிக்கு ஒரு தடவை அதில் ஒரே குரல் வந்துகொண்டிருந்தது, ரொம்ப மரியாதையாக: "திங்கட்கிழமை வெயில் ஜாஸ்தியா இருக்குமாம் சார். வெளிய வராதீங்க."

ஆன்டெனா அவரை ஏமாற்றவில்லை. பக்கத்து ஊர்க்காரனுக்குக் கேட்காத அவர் பேச்சு, கடல் தாண்டிப் போய்க் கணீரென்று விழுந்தது. மதியத்துக்குள் நானூறு பேரோடு பேசிப் புள்ளி சேர்த்துவிட்டார். ஒரே ஒரு தொல்லை, ஊரில் உள்ள இரைச்சலை எல்லாம் அது உறிஞ்சிக்கொண்டு வந்தது. பின் தெரு வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும்போதெல்லாம் காதுக்குள் கர்ரென்று ஓர் அறுப்பு.

ஒரு வெளிநாட்டுக்காரர், போட்டி விதிப்படி, தன் வரிசை எண்ணைச் சொன்னார். "டூ... செவன்." இவர் இருபத்தேழு என்று எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

"நோ, நோ! டூ ஃபோர் செவன்!"

சனியன், நடுவில் இருப்பதை நறுக்கித் தின்றுவிடுகிறது என்று பட்டறையைத் திட்டிக்கொண்டே அடித்துத் திருத்தினார்.

அப்போது வாசல் மணி அடித்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓசைப்படாமல் கூடத்துக்குப் போனார். கதவின் லென்ஸில் கண்ணை வைத்தார். காக்கிச் சட்டை, தொப்பி, கக்கத்தில் ஒரு ஃபைல். முகம் புதிது.

"யாரு?"

"ஸ்டேஷன்ல இருந்து சார். காவலுக்கு ஆளை மாத்திட்டாங்க. உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

"பழைய ஆளு எங்கே?"

"வீட்டுக்குப் போயிட்டாரு சார். பாவம், ரெண்டு நாளா கண்ணு மூடலியே."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாழ்ப்பாளில் வைத்த விரல் நகரவில்லை. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு ரேடியோவுக்கு ஓடினார். போட்டியாவது ஒன்றாவது. ஹெட்போனின் வயரைப் பிடுங்கி எறிந்தார். ஸ்பீக்கர் அறை முழுக்க இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"சொல்லும்மா. சீக்கிரம் சொல்லு. வாசல்ல புதுசா ஒரு போலீஸ்காரரு நிக்கறாரு. என்ன பண்ணட்டும்?"

"அதுக்குத்தாங்க ஒரு மணி நேரமா கத்தறேன்! இன்ஸ்பெக்டர் எனக்கு போன் பண்ணாரு. உங்க போன் அணைஞ்சு கெடக்காம். கதவைத் தொற..." கர்ர்ர். "...ங்க! கேக்குதா?"

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார். வீணாக ஒரு மனுஷனை வெளியில் நிற்க வைத்து, இவளையும் ஒரு மணி நேரம் அழவிட்டிருக்கிறோம்.

"கேக்குதும்மா, நல்லாவே கேக்குது. இதோ தொறக்கறேன்."

மைக்கைப் போட்டுவிட்டு நடந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சங்கிலி. கதவுக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் கால்கள் விலகி நின்றது கேட்டது. இரண்டு கால் அல்ல, அதற்கு மேலே. இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தபடி கைப்பிடியை அழுத்தினார்.

பின் தெருவில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வெல்டிங் நின்றது. வீடு முழுக்க இரைச்சல் சட்டென்று அடங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவள் அலறல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"தொறக்காதீங்க!"