ஜீப்புக்குச் சிவப்பு, லாரிக்கு வெள்ளை

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளிதான் இருந்தது. அது மதன்குமாருக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அம்மன் வாய் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சன்னதியில் நல்ல பிள்ளையாக நின்றிருந்தான்.

சூலூரில் அவர்கள் வீட்டில் பல நாளாக ஒரே பேச்சு. மலைப் பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கி வர ஒரு வண்டி வாங்க வேண்டும். ஜீப் வாங்குவதா, மினி லாரி வாங்குவதா?

வீடே இரண்டு கட்சியாகி, கத்தித் தொண்டை கட்டிய பிறகு, அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று அப்பா நஞ்சுண்டன் முடித்துவிட்டார். சிவப்பு வந்தால் ஜீப், வெள்ளை வந்தால் லாரி. பூவை இலையில் வைத்துப் பொட்டலம் கட்டும் வேலையை மதன்குமார் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஜீப் மேல் அவனுக்கு இருந்த ஆசைக்குக் காரணம் எஞ்சினும் இல்லை, டயரும் இல்லை. கூடாரத்தையும் அடுப்பையும் சாமான்களையும் பின்னால் அடைத்துவிட்டால், முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அவனுக்கும், அவன் மனைவி சண்முகப்பிரியாவுக்கும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது, அவளோடு தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. வீடு முழுக்கச் சித்தப்பா, பெரியம்மா, அத்தை, அவர்கள் பிள்ளைகள். சீராக வந்த கலர் டிவி இவர்கள் அறையில் இருந்ததால், படம் பார்க்க வரும் பொடிசுகள் அங்கேயே உருண்டு தூங்கிவிடும். தேனிலவுக்கு ஊட்டி போனபோதுகூட ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. படகில் இருவருக்கும் நடுவில் பெரியம்மா உட்கார்ந்து முறுக்குத் தின்றாள்.

இந்த ஏக்கத்தை அவளிடம் சொல்லக்கூடத் தனியாக ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் முதல் நாளிலிருந்தே லாரிக் கட்சி.

“லாரின்னா அத்தனை பேரும் தாராளமா ஒக்காந்துக்கலாமுங்க மாமா,” என்று மாமனாரிடமே சொல்லிவிட்டாள். “ஓட்டறதுக்கு நம்ம பட்டறை டிரைவர் ரசாக் அண்ணன் இருக்காரு. இவரு சிரமப்பட வேண்டாமுங்க.”

ஆசை ஆசையாக ஜீப் ஓட்டப் பழகியிருந்த மதன்குமாருக்கு அன்றைக்கு முகம் செத்துவிட்டது. இனி அம்மனை நம்பிப் பயனில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தான்.

பொட்டலத் தட்டை வீட்டு மருமகள்தான் கொண்டு வர வேண்டும் என்றார்கள். சண்முகப்பிரியா பயபக்தியோடு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தட்டைப் பூசாரியிடம் நீட்டினாள். சூடம் காட்டியானதும் அண்ணன் மகள் கனிஷ்காவைக் கூப்பிட்டார்கள்.

“ஆத்தாளக் கும்புட்டுப்போட்டு ஒண்ண எடு கண்ணு,” என்றார் பூசாரி.

குழந்தை இதைத் தொட்டது, அதைத் தொட்டது, மூக்கைச் சொறிந்தது. மதன்குமாருக்குப் பதற்றமே இல்லை. மனசுக்குள் அவன் சத்தியமங்கலம் தாண்டி, பவானிக் கரையில் கூடாரமே அடித்து முடித்திருந்தான்.

குழந்தை எடுத்துக் கொடுத்ததைப் பூசாரி பிரித்தார். உள்ளே பளிச்சென்று வெள்ளை நந்தியாவட்டை.

“லாரி!” என்று கூட்டம் கத்தியது. சித்தப்பா விசில் அடித்தார். யார் யார் ஜமக்காளம் எடுத்து வருவது என்று பெரியம்மா அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

மதன்குமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். செவ்வரளியை நந்தியாவட்டையாக்கும் தெய்வத்திடமா தில்லுமுல்லு செய்தோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நிறுத்தப் பயந்து போட்டுக்கொண்டே இருந்தான்.

“தம்பிக்கு என்ன பக்தி பாருங்க!” என்றார் பூசாரி.

அம்மா ராசாத்தாள் மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். “இந்தச் செவப்பையும் பிரிச்சு, ஊட்டுல சாமி படத்துக்கு வெச்சுப்போடலாம்.”

“பிரிக்காதீங்க!”

இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தது. ஒன்று மதன்குமாருடையது. இன்னொன்று சண்முகப்பிரியாவுடையது.

“ஆத்தா சொல்லிப்போட்டா. இனி இன்னொண்ணப் பாக்கப்படாதுங்க அத்தை,” என்று அவள் பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எல்லோரும் பொங்கலுக்கு முண்டியடித்த நேரத்தில், மதன்குமார் அவளை வேப்பமரத்துக்குப் பின்னால் மடக்கினான். பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தான். அதிலும் நந்தியாவட்டை!

“அடிப்பாவி, பூவ மாத்திப்போட்டியா?”

“நான் ஒண்ணத்தான் மாத்தலாம்னு வந்தேனுங்க. கோயிலுக்குப் பின்னால பிரிச்சுப் பாத்தா ரெண்டுலயும் செவப்பு. அப்பறம் ரெண்டையும் மாத்தறாப்பல ஆயிருச்சு.”

கோபப்பட அவனுக்கு யோக்கியதை இல்லை. அழுகைதான் வந்தது.

“ஜீப்புன்னா நீயும் நானும் மட்டும் போயிருக்கலாம் அம்மணி. உங்கூடத் தனியா நாலு வார்த்தை பேசோணும்னு எத்தனை நாளா ஏங்கறேன் தெரியுமா? இப்பப் பாரு, லாரியில அத்தனை பேரும் ஏறிக்குவாங்க!”

“ஜீப்புன்னாலும் பெரியம்மா உங்க மடியில ஒக்காந்தாவது வந்திருப்பாங்க. ஏறட்டுமுங்க, ஒருத்தர் விடாம ஏறிப் போகட்டும்.”

சண்முகப்பிரியா அக்கம்பக்கம் பார்த்தாள். அவன் கையிலிருந்த நந்தியாவட்டையை வாங்கித் தலையில் செருகிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

“நாம எதுக்குங்க ஏறோணும்?”